வெண்ணிற இடி

மின்னல் முந்தும், இடி பிந்தும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் கார்மேகமோ மின்னலோ இல்லாத அமைதியான பகற்பொழுதில், கடலின் நடுவே நின்று இடியோசை கேட்கும் இடமொன்று உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அலாஸ்கா மாநிலத்தின் தென்கிழக்குக் கரையில், 'கிளேசியர் பே' என்று அழைக்கப்படும் விரிகுடாவே அது. பனியாறுகள் கடலில் இடிந்து விழும்போது எழும் அம்முழக்கத்தை அந்நிலத்தின் பழங்குடியினரான திலிங்கித் மக்கள் 'வெண்ணிற இடி' என்கின்றனர். அதனைக் காணவும் கேட்கவும் ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் உல்லாசக் கப்பல்களில் ஏறி அங்கே செல்கின்றனர்.

இம்மாதம் வாசக அன்பர்களையும் அத்தகைய கப்பலொன்றில் ஒரு நாள் அழைத்துச் செல்ல விழைகின்றேன். கட்டணம் இல்லை, குளிருக்குக் கம்பளியும் வேண்டியதில்லை, கருத்தூன்றிக் கவனித்தால் போதும்.

உறைந்த ஆறு

பனியாறு என்பது யாது? மலையுச்சியில் குளிர்காலத்தில் பொழியும் வெண்பனி கோடையில் முற்றும் உருகிவிட்டால் அங்கே பனியாறு தோன்றாது. உருகியது போக ஆண்டுதோறும் சிறிதேனும் எஞ்ச வேண்டும். எஞ்சியதன்மேல் அடுத்த ஆண்டின் பனி விழும். அதன்மேல் மறு ஆண்டின் பனி விழும். இவ்வாறு அடுக்கடுக்காகக் குவியும் பனி, தன் பாரத்தாலேயே நசுங்கி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, கல்லைப்போல் இறுகிய கட்டியாகின்றது. பாரம் மேலும் மிகுந்தால் அக்கட்டி அசையாது கிடப்பதில்லை. பள்ளத்தை நாடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நடையில், ஆற்றைப்போலவே வழிந்து இறங்குகின்றது. ஆதலாலேயே அதனை ஆறு என்கின்றோம்.

இவ்விரிகுடாவின் மேற்கே ஃபேர்வெதர் மலைத்தொடர் மதில்போல் நிற்கின்றது. அதன் தலையாய சிகரத்தின் உயரம் 4,671 மீட்டர். பசிபிக் பெருங்கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று இம்மதிலில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, பனியாகக் கொட்டுகின்றது. இப்பகுதியைக் காக்கும் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் உள. அவற்றுள் கடல் வரை இறங்கி வந்து சேர்வன விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

வீட்டின் வரவு செலவைக் கவனிக்கும் இல்லத்தலைவிக்குப் பனியாற்றின் வாழ்வை விளக்குவது எளிது. உச்சியில் விழும் பனி வரவு. உருகுவதும், கடலோரத்தில் உடைந்து விழுவதும் செலவு. வரவு மிகுந்தால் பனியாற்றின் முகப்பு முன்னேறும். இரண்டும் ஒத்திருந்தால் நின்ற இடத்தில் நிற்கும். செலவு மிகுந்தால் பின்வாங்கும். ஆனால் ஒன்றை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். வரவு, எவரும் ஏறிக் காணாத உயரத்தில், ஓசையின்றி நிகழ்கின்றது. செலவோ பேரோசையுடன் பலர் கண்முன்னே நிகழ்கின்றது.

ஏணி வழி வரும் ஆசிரியர்கள்

இங்கு வரும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் சியாட்டில், வான்கூவர் போன்ற துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு ஒரு வாரம் அளவில் பயணம் செய்பவை. அதில் ஒரு நாள் இவ்விரிகுடாவுக்கு உரியது. அன்று கப்பல் எந்தத் துறையிலும் நிற்பதில்லை. பயணிகள் கரையில் கால் வைப்பதுமில்லை. காலையில், விரிகுடாவின் வாயிலருகே பார்ட்லெட் கோவ் என்னும் இடத்திலிருந்து சிறு படகொன்று விரைந்து வந்து, பெரிய கப்பலின் விலாவை ஒட்டிச் செல்லும். தேசியப் பூங்காவின் காவலர்கள் தொங்கும் ஏணியைப் பற்றிக் கப்பலில் ஏறுவர். மாலை வரை அவர்களே பயணிகளுக்கு ஆசிரியர்கள். திலிங்கித் மக்களின் ஒரு பிரிவினரான ஹூனா இனத்து விளக்குநர்களும் தங்கள் முன்னோரின் வரலாற்றை எடுத்துரைக்க வருவதுண்டு.

இரண்டாயிரம், மூவாயிரம் பேரைச் சுமந்து செல்லும் இக்கப்பல்கள் மிதக்கும் ஊர்களே. எனினும் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் இவ்விரிகுடாவில் அனுமதி இல்லை. திமிங்கலங்கள் நடமாடும் நீர்ப்பரப்பில் வேகத்தைக் குறைத்தே செல்ல வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்னும் கிளைக்குடாவில் மிதக்கும் பனிக்கட்டிகளின்மேல் கடல்நாய்கள் குட்டி ஈன்று வளர்ப்பதால், மே முதல் ஆகஸ்டு இறுதி வரை அதற்குள் உல்லாசக் கப்பல் எதுவும் நுழையலாகாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்நான்கு மாதங்களில் அக்கதவு திறவாது. ஒரு தாய் தன் குட்டிக்குப் பாலூட்டும் நேரத்தில் ஆரவாரம் செய்யாதிருத்தல் நாகரிகம் என்பதை இச்சட்டம் நமக்கு நினைவூட்டுகின்றது.

கரை சொல்லும் காலம்

வாயிலிலிருந்து உட்கோடி வரை விரிகுடாவின் நீளம் ஏறத்தாழ 105 கிலோமீட்டர். கப்பல் அத்தொலைவைக் கடக்கும்போது, இரு கரைகளையும் கூர்ந்து நோக்குவோர் ஒரு விந்தையைக் காண்பர். வாயிலருகே கரையெங்கும் வானளாவிய ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு. வடக்கே செல்லச் செல்ல மரங்கள் சிறுக்கின்றன, பின்னர்ப் புதர்கள், பின்னர்த் தரையோடு படர்ந்த செடிகள், கோடியில் வெறும் பாறை. உள்ளே செல்லும் ஒவ்வொரு மணி நேரத்திலும் நாம் சில பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்கின்றோம். எவ்வாறெனில், இக்கரைகள் யாவும் ஒரே காலத்தில் வெளிப்பட்டவை அல்ல.

1794-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வான்கூவரின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஜோசப் விட்பி இவ்வழியே படகில் வந்தபோது, இங்கே பெரிய விரிகுடா இல்லை. கரையில் ஒரு சிறு வளைவும் அதனை அடைத்து நின்ற பனிச்சுவருமே இருந்தன. 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர், திலிங்கித் வழிகாட்டிகள் செலுத்திய ஓடத்தில் வந்தார். அதற்குள் பனி ஐம்பது கிலோமீட்டர் அளவிற்கு உள்வாங்கிவிட்டிருந்தது. 1916-இல் அது விரிகுடாவின் உட்கோடியை எட்டிவிட்டது. ஒரு மனிதனின் வாழ்நாள் இரண்டைச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவு காலத்திற்குள் நூறு கிலோமீட்டர் கடல் புதிதாகப் பிறந்தது.

அதே 1916-ஆம் ஆண்டில் வில்லியம் கூப்பர் என்னும் தாவரவியல் அறிஞர் அங்கே சென்று, பனி விலகிய வெற்று நிலத்தில் சிறு சிறு சதுரங்களை அளந்து குறித்து, எந்தச் செடி முதலில் வருகின்றது என்பதை எழுதிவைத்தார். முதலில் பாசி, பிறகு டிரையாஸ் என்னும் படர்செடி, பிறகு ஆல்டர் புதர். டிரையாஸும் ஆல்டரும் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை. அவை பண்படுத்திய மண்ணிலேயே பெருமரங்கள் வேரூன்றுகின்றன. முன்வந்தது பின்வருவதற்கு உரமாகின்றது. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஆய்வாளர்கள் அச்சதுரங்களைத் தேடிச் சென்று கணக்கெடுக்கின்றனர். கூப்பர் முதலான அறிஞர்களின் முயற்சியால் 1925-இல் இப்பகுதி அரசின் பாதுகாப்பைப் பெற்றது. 1980-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1992-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்ந்தது.

பனிக்கு இடம் கொடுத்த மக்கள்

இவ்வளவும் கேட்டபின், 'மனிதர் வாழாத வெற்றிடம் போலும்' என்று எண்ணிவிடக் கூடாது. பனியாறு கடைசியாக முன்னேறி வருவதற்குமுன் இங்கே ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. சால்மன் மீன் நிறைந்த ஓடைகளின் ஓரத்தில் ஹூனா மக்களின் முன்னோர் வீடு கட்டி வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு அவர்கள் ஊரை நோக்கிப் பாய்ந்து வந்தது. ஓடும் நாயின் விரைவில் அது வந்தது என்பது அவர்களின் வாய்மொழி மரபு.

அம்மரபின் கதையொன்று உண்டு. தனித்திருக்க வேண்டிய பருவத்துப் பெண் ஒருத்தி, நாயை அழைப்பதுபோலப் பனியாற்றை அழைத்துவிட்டாளாம். அதனால் அது வந்ததாம். ஊரார் ஓடங்களில் ஏறிப் புறப்பட்ட வேளையில் ஒருவர் மட்டும் வீட்டில் தங்கிப் பனிக்கு ஆளாகின்றார். தங்கியவர் அந்த இளம்பெண்ணே என்று ஒரு சாரார் கூறுவர். 'அவள் இளையவள், குலம் தழைக்கப் பிள்ளை பெறவேண்டியவள்; நான் தங்குகிறேன்' என்ற கருத்தில் மூதாட்டி ஒருத்தி தங்கினாள் என்று மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரண்டாம் வழக்கை அறிந்தபின், அப்பனிப் பரப்பை வெறும் காட்சியாக நோக்க எவருக்கும் மனம் வராது.

வெளியேறிய மக்கள் நீரிணையைக் கடந்து ஹூனா என்னும் ஊரில் குடியேறினர். பனி விலகியபின் விரிகுடாவுக்குத் திரும்பி மீன் பிடித்தனர். பறவை முட்டைகளைச் சேகரித்தனர். பின்னர் இயற்கையைக் காக்க வந்த சட்டங்களே அவர்களின் தொன்மையான பழக்கங்களுக்குத் தடையாயின. அக்காயம் ஆற நெடுங்காலம் பிடித்தது. கடற்பறவை முட்டைகளை மீண்டும் சேகரிக்க 2014-இல் சட்டம் வழிவிட்டது. 2016 ஆகஸ்டு மாதத்தில், பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுடைய மரபுவழி மன்றம் எழுந்தது. அதன் திறப்பு விழாவுக்கு அம்மக்கள் ஓடங்களைச் செலுத்திக்கொண்டு தாயகக் கரைக்கு வந்தனர். தங்கள் மொழியில் இவ்விரிகுடாவுக்கு அவர்கள் இட்டுள்ள பெயரின் பொருள், 'பனியாறு இருந்த இடத்து விரிகுடா' என்பதாகும். இழந்த இல்லத்தின் முகவரியையே பெயராக்கி வைத்துள்ளனர்.

மார்ஜரியின் முன்னே

நண்பகல் அளவில் கப்பல் உட்கோடியை அடைகின்றது. எதிரே இரண்டு பனியாறுகள். ஒன்று கிராண்ட் பசிபிக். ஒரு காலத்தில் இவ்விரிகுடா முழுவதையும் நிரப்பியிருந்த பேராற்றின் எச்சம் அது. கல்லும் மண்ணும் மூடிக் கறுத்துக் கிடப்பதால், அது பனி என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. அதன் அருகே, வெண்மையும் நீலமுமாய் ஒளிரும் மார்ஜரி பனியாறு. நீளம் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். முகப்பின் அகலம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். நீர்மட்டத்திற்கு மேல் உயரம் சுமார் 75 மீட்டர், அதாவது இருபத்தைந்து மாடிக் கட்டடத்தின் உயரம்.

பனிக்கு நீல நிறம் எங்கிருந்து வந்தது? நன்கு இறுகிய பனிக்கட்டி, தன்னுள் நெடுந்தொலைவு செல்லும் ஒளியில் சிவப்பு நிறத்தை விழுங்கி, நீலத்தை மிச்சம் வைக்கின்றது. புதுப்பனியில் காற்றுக் குமிழ்கள் மிகுதியாதலால் அது ஒளியை உடனே சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றது. எனவே நீலம் என்பது பாரம் சுமந்த பனியின் நிறம்.

கப்பல் பாதுகாப்பான தொலைவில் நிற்கின்றது. இரு பக்கத்தாரும் காணும்பொருட்டு மெல்லத் திரும்புகின்றது. மேல்தளத்தில் போர்வை போர்த்தியோரும், சூடான சூப்புக் கிண்ணம் ஏந்தியோரும், ஒளிப்படக் கருவி பிடித்தோரும் நெருங்கி நிற்கின்றனர். ஆயினும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. திடீரென்று முகப்பின் ஒரு பகுதி சரிகின்றது. வீடளவு, சில வேளை மாளிகையளவு கட்டிகள் நீரில் விழ, நுரை எழும்பி அலைகள் பரவுகின்றன. கடற்பறவைகள் கூட்டமாய் எழுந்து, கலங்கிய நீரில் இரை தேடுகின்றன. அதன் பின்னரே இடியோசை வந்து சேர்கின்றது.

ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். ஆதலால் ஓசை கேட்டபின் தலை திருப்புவோர், விழுந்த பனியைக் காண்பதில்லை. நுரையையும் அலையையும் மட்டுமே காண்கின்றனர். 'ஓசைக்குக் காத்திராமல் பனியின்மேல் கண்ணை வைத்திருங்கள்' என்பதே அங்கே செல்வோருக்குச் சொல்லத்தக்க அறிவுரை. வாசக அன்பர்களே, இவ்வறிவுரை அக்கப்பலுக்கு மட்டும் உரியதா?

விழும் பனியைக் கண்டு பயணிகள் கைதட்டுவதுண்டு. அதில் தவறில்லை. கடலை அடைந்த பனியாறு உடைந்து விழுதல் அதன் இயல்பு, நோயன்று. ஆனால் இன்று விழும் கட்டி இன்று பெய்த பனியன்று. பல பத்தாண்டுகளுக்கு முன், நம் பாட்டன்மார் காலத்தில் உச்சியில் விழுந்து, மெல்ல நடந்து வந்து, இன்று கரையை எட்டியது. முன்னோர் சேமிப்பையே இன்றைய கண்கள் காண்கின்றன. இன்று உச்சியில் விழும் பனி எவ்வளவு என்பதை நம் பேரர் காலத்துக் கடற்கரையே சொல்லும்.

கப்பல்கள் செல்லாத கிளை

இவ்விரிகுடாவுக்குக் கிழக்கே ஒரு கிளை உண்டு. 1883-இல் கேப்டன் ஜேம்ஸ் கேரல் தம் 'ஐடஹோ' நீராவிக் கப்பலில் பயணிகளைக் கொண்டுவந்தது முதல், அக்கிளையில் நின்ற மியூர் பனியாறே உலகப் புகழ் பெற்றது. பின்வந்த நீராவிக் கப்பல்கள் யாவும் அதனையே நாடின. 1899 செப்டம்பரில் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் அதன் முகப்பை நொறுக்கிக் குடாவைப் பனிக்கட்டிகளால் நிரப்ப, கப்பல்களின் வருகை நின்றுபோயிற்று.

1941 ஆகஸ்டு மாதத்தில் வில்லியம் ஃபீல்டு என்னும் ஆய்வாளர் ஓரிடத்தில் நின்று மியூர் பனியாற்றை ஒளிப்படம் எடுத்தார். 2004 ஆகஸ்டில் புரூஸ் மொல்னியா என்னும் நிலவியல் அறிஞர் அதே இடத்தில் நின்று மீண்டும் படம் எடுத்தார். முதற்படத்தில் மலைக்கு மலை நிறைந்த பனி. இரண்டாம் படத்தில் நீலக் கடலும் பசுமையான கரையும். இடைப்பட்ட 63 ஆண்டுகளில் அப்பனியாறு 12 கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. இன்று அது கடலைத் தொடுவதே இல்லை. நம் கொள்ளுப்பாட்டன் தலைமுறையினர் கட்டணம் கொடுத்துக் கண்ட காட்சியை எவ்வளவு கொடுத்தாலும் இனி எவரும் காண இயலாது.

பொறுப்பு யாருடையது?

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 1794-க்கும் 1916-க்கும் இடையே நிகழ்ந்த பெரும் பின்வாங்குதல் முழுவதையும் மனிதனின் தலையில் சுமத்துவது முறையாகாது. 'சிறு பனியுகம்' எனப்படும் குளிர்காலம் முடிவுற்றதும், கடலைத் தொடும் பனியாறுகளுக்கே உரிய ஓர் இயல்பும் அதற்குக் காரணம். தான் குவித்த மண்மேட்டைத் தாங்கலாகக் கொண்டு நிற்கும் பனியாறு, அம்மேட்டை விட்டு ஆழ்நீருக்குள் பின்வாங்கத் தொடங்கினால், நிலைகொள்ளாது விரைந்து உடையும். இருபதாம் நூற்றாண்டில் பிற பனியாறுகள் தேய்ந்தபோதும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாறு நெடுங்காலம் முன்னேறி வந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்று நிகழ்வது வேறு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் வானில் சேர்த்த கரியமில வாயுவால் உலகம் வெப்பமடைகின்றது. அலாஸ்கா, உலகச் சராசரியினும் இரு மடங்குக்கு மேற்பட்ட விரைவில் வெப்பமடைகின்றது. பனியாகப் பெய்ய வேண்டியது மழையாகப் பெய்தால் வரவு குன்றும். கோடை நீண்டால் செலவு மிகும். கிரீன்லாந்து, அண்டார்டிகா ஆகியவற்றின் பெரும் பனிப்பரப்புகள் நீங்கலாக, உலகப் பனியாறுகள் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 26,700 கோடி டன் பனியை இழந்தன என்று 2021-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அலாஸ்காவின் இழப்பு. அந்நீர் சேரும் கடல், நம் கரையோர மக்கள் வலைவீசும் கடலினின்று வேறானதன்று. ஐக்கிய நாடுகள் சபை 2025-ஐப் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாகவும், மார்ச் 21-ஐப் பனியாறுகளின் நாளாகவும் அறிவித்ததன் காரணமும் இதுவே.

பனியைக் காணச் செல்லும் கப்பலும் எண்ணெய் எரித்தே செல்கின்றது. இதைச் சொல்வது பயணிகளைப் பழிப்பதற்கன்று. மின்விளக்கும் பேருந்தும் நமக்கும் வேண்டியிருக்கின்றன. ஆனால் அவ்விரிகுடாவில், ஒரு நாளைக்கு இரண்டு கப்பல்கள் என்று மனிதர் தமக்குத் தாமே எல்லை வகுத்துள்ளனர். அதனால் எவர் மகிழ்ச்சியும் குறைந்துவிடவில்லை. 'இவ்வளவு போதும்' என்று சொல்லும் ஆற்றல் மனிதனுக்கு இருக்கின்றது என்பதற்கு அது கண்கண்ட சான்று. அவ்வாற்றலை அங்கே மட்டும் பயன்படுத்தி, மற்ற இடங்களில் மறந்துவிடுவதே நம் குறை.

பிற்பகலில் கப்பல் தெற்கே திரும்புகின்றது. வெறும் பாறை செடியாகின்றது, செடி புதராகின்றது, புதர் காடாகின்றது. வாயிலருகே காவலர்கள் ஏணி வழியே இறங்கித் தம் படகில் செல்கின்றனர். பயணிகள் இரவு உணவுக்குப் போகின்றனர்.

நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு நிலம் எழுதிவைக்கின்றோம், நகை சேர்த்துவைக்கின்றோம். அவை நல்லவையே. அவற்றோடு, பிள்ளைகள் வாழத்தக்க வெயிலையும் மழையையும் விட்டுச்செல்லுதல் நம் கடமையன்றோ? மின்சாரத்தையும் எரிபொருளையும் தேவைக்கு மேல் செலவிடாத வீடு, நிழல்தரும் மரமொன்றை வளர்க்கும் வீடு, தன் அளவில் உச்சியில் பனி சேர்க்கும் வீடாகும். அவ்வரவுக்கு ஓசை இல்லை, கைதட்டுவோரும் இல்லை. குலம் தழைக்க வேண்டுமென்று பனியின் வழியில் தங்கிய அம்மூதாட்டிக்கும் அன்று எவரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். ஆயினும் புறப்பட்ட ஓடங்களில் அவள் குலம் பிழைத்தது.